கும்பினிக் குமாஸ்தா ஜான் ஸ்டூவர்ட் மில்

அரசியல் பாடம் எடுத்துப் படித்த யாரும் ஜான் ஸ்டூவர்ட் மில்லிடமிருந்து தப்பியிருக்க முடியாது. நான் படித்த காலத்தில் அவருக்கென்று ஒரு ஐந்து மதிப்பெண் வினா நிரந்தரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. தனிமனித சுதந்திரத்தின் காவலர், பெண்ணுரிமையின் முன்னோடி, பெந்தாமின் சீடர் என்று மூன்று வரி எழுதினால் மதிப்பெண் விழுந்துவிடும். அந்த மனிதர் 35 வருடம் எங்கே வேலை பார்த்தார், யாரிடம் சம்பளம் வாங்கினார் என்பதை நான் வைத்திருந்த நோட்ஸ் எதுவும் சொல்லவில்லை. லண்டனுக்கு வந்து பல ஆண்டுகள் கழித்து அவருடைய சுயசரிதையைப் படித்தபோதுதான் தெரிந்தது. மில் கிழக்கிந்தியக் கும்பினியின் ஊழியர். பதினேழு வயதில் அங்கே குமாஸ்தாவாகச் சேர்ந்து, தலைமை அலுவலகத்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றில் ஓய்வு பெற்றவர். ஒரு மனிதன் மேல் அதிகாரம் எதுவரை கை நீட்டலாம் என்று உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்தவரும், சென்னை ராஜதானியையும் சேர்த்து ஆண்ட ஒரு வியாபாரக் கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவரும் ஒரே ஆள். அன்றிலிருந்து அவரை அவ்வளவு எளிதாகக் கும்பிடவும் முடியவில்லை, தள்ளவும் முடியவில்லை.

மில் 1806 மே 20 அன்று லண்டனில் பிறந்தார். தகப்பனார் ஜேம்ஸ் மில் ஸ்காட்லாந்தில் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். படிப்பால் மேலே வந்தவர். எனவே படிப்பால் எதையும் செய்துவிடலாம் என்று நம்பியவர். அந்த நம்பிக்கையைத் தன் மூத்த மகன் மேல் சோதித்துப் பார்த்தார். மூன்று வயதில் கிரேக்கம், எட்டு வயதில் லத்தீன், பன்னிரண்டில் தர்க்கம், பதின்மூன்றில் பொருளாதாரம். பள்ளிக்கூடம் கிடையாது. விளையாட்டுத் தோழர்கள் கிடையாது. தான் படித்ததைத் தம்பி தங்கைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பும் அந்தச் சிறுவனுடையதே.

ஒரே மேசையில் ஒரு பக்கம் பையன் உட்கார்ந்து கிரேக்கம் படிப்பான். மறுபக்கம் தகப்பன் எழுதிக்கொண்டிருப்பார். கிரேக்கத்துக்கு ஆங்கில அகராதி அப்போது இல்லாததால், தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் பையன் அவரைக் கேட்க வேண்டும். பொறுமை என்பதே இல்லாத அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் பேனாவை வைத்துவிட்டுப் பதில் சொல்வார். அந்தப் பேனா எழுதிக்கொண்டிருந்தது என்ன தெரியுமா? இந்தியாவின் வரலாறு. 1817இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் அச்சுப்படிகளை மகனும் உடனிருந்து சரிபார்த்தான். ஜேம்ஸ் மில் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. இந்திய மொழி ஒன்றும் அவருக்குத் தெரியாது. பாரபட்சம் இல்லாமல் எழுத அதுவே வசதி என்று முன்னுரையில் வாதாடவும் செய்தார். இந்தியர்களின் நாகரிகம் மிகத் தாழ்ந்த படியில் இருக்கிறது என்பது அவர் தீர்ப்பு. அந்தப் புத்தகத்தின் பலத்தில் 1819இல் கும்பினித் தலைமையகத்தில் அவருக்கு நல்ல வேலை கிடைத்தது. கும்பினியின் இளம் அதிகாரிகளுக்கு அது பாடப்புத்தகமும் ஆயிற்று. நம்மைப் பற்றிய அபிப்பிராயத்தை மகன் கிரேக்க இலக்கணத்தோடு சேர்த்தே கற்றான் என்று சொன்னால் மிகையில்லை.

1823இல் மகனும் அதே அலுவலகத்தில் தகப்பனுக்குக் கீழே சேர்ந்தார். லெடன்ஹால் வீதியில் இருந்த அந்தக் கட்டிடம் இன்று இல்லை; அந்த இடத்தில் லாயிட்ஸ் நிறுவனத்தின் எஃகுக் கட்டிடம் நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வதுண்டு: இந்தியாவிலிருந்து கப்பலில் மாதக்கணக்கில் பயணம் செய்து வந்த கட்டுக்கட்டான காகிதங்கள் இங்கேதான் பிரிக்கப்பட்டன. அவற்றுக்குப் பதில் வரைவுகள் எழுதுவதுதான் மில்லின் வேலை. சுதேச சமஸ்தானங்களோடு கும்பினி வைத்துக்கொண்ட உறவுகள் அவர் பிரிவு. சுமார் 1,700 கடிதங்கள் அவர் கையால் வரையப்பட்டிருக்கின்றன. காலை பத்து மணிக்குப் போவார், மாலை நான்குக்குத் திரும்புவார். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டு மிச்ச நேரத்தில் தன் புத்தகங்களை எழுதுவார். தர்க்கம் பற்றிய பெரிய நூலும் (1843) பொருளாதார நூலும் (1848) அவர் இந்த வேலையில் இருந்தபோது எழுதியவை.

இதற்கிடையில், 1826இல், அவர் உடைந்து போனார். தான் பாடுபடும் சீர்திருத்தங்கள் எல்லாம் இந்த நிமிடமே நிறைவேறிவிட்டால் எனக்கு மகிழ்ச்சி வருமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வராது என்று உள்ளே பதில் வந்தது. இருபது வயது. மாதக்கணக்கில் அந்த இருட்டு நீடித்தது. ஒரு பிரெஞ்சு எழுத்தாளரின் நினைவுக்குறிப்புகளில், தகப்பன் இறந்த வீட்டில் ஒரு சிறுவன் குடும்பத்துக்கு இனி நானே எல்லாம் என்று முடிவு செய்யும் இடத்தைப் படித்தபோது அழுகை வந்தது; கல்லாகிவிடவில்லை என்று தெரிந்ததும் பாரம் குறைந்தது. தகப்பன் இறக்கும் காட்சி அவரை விடுவித்தது என்பதை மனோதத்துவக்காரர்கள் விட்டுவைப்பார்களா? அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். பிறகு வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகள் அவரைத் தேற்றின. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நல்லெண்ணத்தோடு, அன்போடு, உன் நன்மைக்கே என்று சொல்லிச் செலுத்தப்படும் அதிகாரம் ஒரு மனிதனை எப்படி உள்ளே வெறுமையாக்கும் என்பதை மில் புத்தகத்தில் படிக்கவில்லை, அனுபவித்தார்.

1830இல் ஹாரியட் டெய்லரைச் சந்தித்தார். அவர் ஒரு மருந்து மொத்த வியாபாரியின் மனைவி, பிள்ளைகள் உள்ளவர், கூர்மையான மூளை. இருபது வருடம் நீடித்த அந்த நட்பில் தகாதது எதுவும் நடக்கவில்லை என்று இருவரும் சொன்னார்கள், ஊர் நம்பவில்லை. கணவர் ஜான் டெய்லர் பெருந்தன்மையான மனிதர். மனைவியின் நட்பை அவர் சகித்துக்கொண்ட அளவுக்கு மற்றவர்கள் சகிக்கவில்லை. நண்பர்கள் வீட்டு விருந்துகளில் கண்கள் பேசின, உதடுகள் மெல்ல அசைந்தன. மில் ஒவ்வொருவராக நண்பர்களை விட்டு விலகினார். 1849இல் ஜான் டெய்லர் இறந்து, 1851இல் இவர்கள் திருமணம் செய்துகொண்டபோது, மனைவியின் உடல், பொருள் மீது சட்டம் கணவனுக்குத் தரும் உரிமைகள் எதையும் தான் பயன்படுத்தப் போவதில்லை என்று மில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டார். தாயோடும் உடன்பிறந்தாரோடும் இந்தத் திருமணத்தை ஒட்டி அவர் கொண்ட கோபம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அதில் நியாயம் குறைவு.

நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பது நமக்குப் பழகிய வாக்கியம். கடல் கடந்து வந்தும் அந்த நாலு பேரைக் கூடவே கூட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறோம். கோயில் மண்டபத்திலும் கல்யாண வீட்டிலும் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த நாலு பேரை அரசியல் தத்துவத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர் மில். ராஜா தலையை வாங்குவான், அதற்கு மேல் போக மாட்டான். அண்டை வீட்டாரின் அபிப்பிராயம் அன்றாட வாழ்வின் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து ஆத்மாவையே அடிமைப்படுத்தும் என்று அவர் கருதினார். இதில் அவருக்குத் துணையாக வந்தவர் பிரெஞ்சுக்காரரான டோக்வில். அமெரிக்க ஜனநாயகம் பற்றி அவர் எழுதிய இரு பகுதிகளுக்கும் மில் 1835இலும் 1840இலும் நீண்ட மதிப்புரை எழுதினார். மக்களே ஆள்வது என்றால் நடைமுறையில் பெரும்பான்மை ஆள்வது. பெரும்பான்மையும் ராஜாவைப் போலக் கொடுங்கோலனாகலாம் என்ற எண்ணம் அங்கிருந்து அவருக்குள் வேர்விட்டது. இலங்கையிலிருந்து வந்து இதைப் படிப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

1852ஆம் ஆண்டுக்கு வருகிறேன். கும்பினியின் சாசனம் அடுத்த வருடம் புதுப்பிக்கப்பட வேண்டும். பிரபுக்கள் சபையின் விசாரணைக் குழு முன் மில் சாட்சி சொன்னார். இந்திய அரசாங்கம் முழுக்க எழுத்தின் மூலம் நடக்கிறது. யார் எதைச் செய்தாலும் காரணத்தோடு பதிவாகி லண்டனுக்கு வருகிறது. இதைப் போன்ற காப்பு வேறு அரசாங்கங்களுக்கு இல்லை என்பது அவர் வாதம்.

அதே 1852இல் சென்னையில் கஜுலு லட்சுமிநரசு செட்டி என்ற வியாபாரி சென்னை சுதேசிகள் சங்கத்தைத் தொடங்கினார். இவரும் மில் பிறந்த அதே 1806இல் பிறந்தவர். நீலமும் துணியும் விற்றுச் சம்பாதித்த பணத்தில் 1844 முதல் கிரசெண்ட் என்ற பத்திரிகையை நடத்தி வந்தார். சங்கம் பாராளுமன்றத்துக்கு நீண்ட மனு ஒன்றை அனுப்பியது. நிலவரிச் சுமை, நீதிமன்றத் தாமதம், சாலையும் பாசனமும் இல்லாத நிலை எல்லாம் அதில் இருந்தன. வரி வசூலிக்கக் குடியானவர்களைச் சித்திரவதை செய்கிறார்கள் என்ற குற்றச்சாட்டையும் சங்கத்தார் கிளப்பினார்கள். டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் 1853இல் நேரில் வந்தார். செட்டி அவரை ஊர் ஊராக அழைத்துப்போய்க் காட்டினார். பாராளுமன்றத்தில் பேச்சு எழுந்தது. 1854இல் விசாரணைக் கமிஷன் நியமிக்கப்பட்டு 1855இல் அறிக்கை வந்தது. சித்திரவதை உண்மை என்று கமிஷன் ஒப்புக்கொண்டது. அந்த ஆங்கில அறிக்கையில் இரண்டு தமிழ்ச் சொற்கள் அப்படியே நிற்கின்றன: கிட்டி, அண்ணாந்தாள். விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையே வைத்து நெரிப்பது கிட்டி. கழுத்தையும் கால் பெருவிரலையும் சேர்த்துக் கட்டி ஆளைக் குனிய வைத்து வெயிலில் விடுவது அண்ணாந்தாள். குற்றமெல்லாம் கீழ்மட்டச் சுதேசிச் சிப்பந்திகளுடையது, வெள்ளை அதிகாரிகள் இதற்கு உடந்தை இல்லை என்று கமிஷன் முடித்துக்கொண்டது. கிட்டி போட்டு வசூலித்த பணம் யார் கஜானாவுக்குப் போயிற்று என்று குடியானவன் கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்களோ.

வரி வசூல் மில்லின் பிரிவு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் எல்லாமே எழுத்தில் பதிவாகிறது என்று பெருமைப்பட்ட ஒரு நிர்வாகத்தில், குடியானவனின் விரல் நெரிந்த சத்தம் பாராளுமன்றம் வரை போக, ஆளப்படுகிறவர்களே எழுதிய ஒரு மனு தேவைப்பட்டது. அதிகாரிகள் அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் எது பதிவாகும், எது ஆகாது என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

1856இல் மில் தன் பிரிவின் தலைவரானார். அவர் தகப்பனார் வகித்த அதே பதவி. மறு வருடம் சிப்பாய்க் கிளர்ச்சி. கும்பினியைக் கலைத்துவிட்டு இந்தியாவை நேரடியாக ஆள முடிவானபோது, அதை எதிர்த்துக் கும்பினி பாராளுமன்றத்துக்குச் சமர்ப்பித்த மனுவை எழுதியவர் மில்தான். இங்கிலாந்துக் கட்சி அரசியலில் அன்றாடம் ஆடும் ஒரு மந்திரியிடம் கோடிக்கணக்கான அந்நிய மக்களை ஒப்படைப்பதைவிட, விஷயம் தெரிந்த நடுநிலை அமைப்பிடம் விடுவது மேல் என்று வாதிட்டார். வாதம் தோற்றது. 1858இல் கும்பினி ஆட்சி முடிந்தது. புதிய இந்திய ஆலோசனைச் சபையில் இடம் தருவதாகச் சொன்னார்கள். வேண்டாம் என்று, ஆண்டுக்கு 1,500 பவுன் ஓய்வூதியத்தோடு வெளியேறினார். உடல்நலம் தேடி மனைவியோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டார். வழியில் பிரான்சின் அவின்யோன் நகரத்து விடுதியில், 1858 நவம்பர் 3 அன்று ஹாரியட் இறந்தார். மில் அந்த இடுகாட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வீடு வாங்கினார். மனைவி இறந்த விடுதி அறையின் மேசை நாற்காலிகளை விலைக்கு வாங்கி அந்த வீட்டில் போட்டுக்கொண்டார்.

சில மாதங்களில், 1859 தொடக்கத்தில், சுதந்திரம் பற்றிய அந்தச் சிறு நூல் வெளிவந்தது. ஹாரியட்டுக்குச் சமர்ப்பணம், அவரோடு சேர்ந்து வரிவரியாகத் திருத்திய நூல். அதன் சாரத்தை என் வார்த்தையில் சொல்கிறேன். ஒருவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுக்க மட்டுமே அவன் மேல் அரசோ சமூகமோ கை வைக்கலாம். உன் நன்மைக்காக என்று சொல்லிக்கொண்டு கை வைக்கக் கூடாது. புத்தி சொல்லலாம், கெஞ்சலாம், வாதாடலாம், அதோடு சரி. உலகம் முழுக்க ஒரு பக்கமும் ஒரே ஒருவன் மறுபக்கமும் நின்றாலும் அந்த ஒருவனின் வாயை அடைக்கும் உரிமை உலகத்துக்கு இல்லை. அவன் சொல்வது சரியாக இருந்தால் நாம் உண்மையை இழக்கிறோம். தவறாக இருந்தாலும், எதிர்ப்பே இல்லாத நம் உண்மை வெறும் மனப்பாடமாகிச் செத்துப்போகிறது. இதைவிடத் தெளிவாக இதைச் சொன்ன வேறு நூலை நான் படித்ததில்லை.

முதல் அத்தியாயத்திலேயே ஒரு விலக்கும் இருக்கிறது. குழந்தைகளுக்கு இந்தச் சுதந்திரம் பொருந்தாது. இன்னும் பக்குவம் அடையாத சமூகங்களுக்கும் பொருந்தாது. சமமான, சுதந்திரமான விவாதத்தால் முன்னேறும் தகுதி வரும்வரை அவர்களுக்கு ஒரு அக்பர் கிடைத்தால் அவர்கள் பாக்கியம், பணிந்து நடக்க வேண்டியதுதான். அக்பர் பெயரை அவர் சும்மா போடவில்லை. கும்பினி ஊழியரின் கை அது. மில்லுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் அந்தக் காலத்தின் பொதுப்புத்தி அப்படி என்பார்கள். பொதுப்புத்திக்கு எதிராக நிற்கச் சொல்லும் நூலுக்கு இந்தச் சமாதானம் எப்படிப் பொருந்தும்? அதோடு, அவர் வைத்த தகுதித் தேர்வையே எடுத்துக்கொள்வோம். விவாதத்தால் முன்னேற முடிகிறவர்கள் என்றால், தங்கள் குறைகளைத் தொகுத்து எழுதி, காரணம் காட்டி, கடல் கடந்த பாராளுமன்றத்துக்கு அனுப்பி, விசாரணைக் கமிஷனையும் வரவழைத்த சென்னைக்காரர்கள் அந்தத் தேர்வில் ஏழு வருடம் முன்பே தேறிவிட்டார்கள். விவாதம் நடந்துகொண்டுதான் இருந்தது. சமமாக இல்லை, அவ்வளவுதான்.

மில்லுக்கு இது உறுத்தாமல் இல்லை என்றும் தோன்றுகிறது. 1861இல் வந்த பிரதிநிதித்துவ ஆட்சி பற்றிய நூலில், ஒரு மக்கள் தம்மைத் தாமே ஆள்வதற்கு அர்த்தம் உண்டு, ஒரு மக்கள் இன்னொரு மக்களை ஆள்வது என்று ஒன்று இருக்கவே முடியாது, மாட்டுப் பண்ணை போல லாபத்துக்கு வைத்துக்கொள்ள மட்டுமே முடியும் என்கிறார். இவ்வளவு தெரிந்தவர் எடுத்த முடிவு, திறமையான அதிகாரிகளிடம் விட வேண்டும் என்பது. அதே நூலில் பெண்களுக்கும் வாக்குரிமை, சிறுபான்மைக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம் என்று முன்னே ஓடுகிறார்; படித்தவனுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு கூடாது என்று பின்னேயும் இழுக்கிறார். பெரும்பான்மை மேல் அவருக்கிருந்த பயம் சில இடங்களில் ஞானமாகவும் சில இடங்களில் வாத்தியார்த்தனமாகவும் வெளிப்பட்டது.

1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் நிற்கச் சொல்லி அழைத்தார்கள். பணம் செலவழிக்க மாட்டேன், வீடு வீடாக வாக்குக் கேட்க மாட்டேன், ஜெயித்தால் தொகுதி வேலை பார்க்க மாட்டேன் என்று நிபந்தனை போட்டார். தொழிலாளர்கள் நிறைந்த ஒரு கூட்டத்தில், அவர்கள் வர்க்கம் பொதுவாகப் பொய் சொல்லும் என்று எழுதியது நீங்கள்தானா என்று கேட்டார்கள். ஆம் என்றார். கைதட்டல் எழுந்தது. ஜெயித்தும் விட்டார். நம் ஊர் வேட்பாளர்கள் யாரும் இதைப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

அந்த மூன்று வருடங்கள்தான் அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்தவை. 1866இல் பெண்கள் 1,499 பேர் கையெழுத்திட்ட வாக்குரிமை மனுவைச் சபையில் வைத்தார். மறு வருடம் சீர்திருத்த மசோதாவில் ஆண் என்ற சொல்லை எடுத்துவிட்டு நபர் என்று போடத் திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 73, எதிர்ப்பு 196. கேலி செய்யத் தயாராக வந்தவர்கள் அந்த 73ஐப் பார்த்துத் திகைத்தார்கள்.

ஜமைக்கா விவகாரமும் இதே காலம். 1865 அக்டோபரில் மொரண்ட் பே ஊரில் ஏழைக் கறுப்பின மக்கள் கிளர்ந்தார்கள். கவர்னர் எட்வர்ட் ஐயர் ராணுவச் சட்டம் போட்டு நானூறுக்கு மேற்பட்டவர்களைக் கொல்ல விட்டார். கார்டன் என்ற சட்டசபை உறுப்பினரை, ராணுவச் சட்டம் இல்லாத இடத்திலிருந்து பிடித்துக் கொண்டுபோய்த் தூக்கில் போட்டார்கள். கவர்னரைக் கொலைக் குற்றத்துக்காக நிறுத்த அமைந்த குழுவுக்கு மில் தலைவர். எதிரணியில் நின்றவர் பழைய நண்பர் கார்லைல். (1835இல் கார்லைல் எழுதிய பிரெஞ்சுப் புரட்சி நூலின் ஒரே கைப்பிரதி, மில்லிடம் படிக்கக் கொடுத்திருந்தபோது வேலைக்காரியால் அடுப்பெரிக்கப் பட்டுவிட்டது, அதையே மன்னித்தவர் கார்லைல். இதை மன்னிக்கவில்லை.) மில்லுக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. ஐயரை ஜூரிகள் விசாரணைக்கு அனுப்பவே மறுத்துவிட்டார்கள். கறுப்பு மனிதனின் கழுத்தும் சட்டத்தின் பாதுகாப்பில்தான் இருக்கிறது என்பதை மில் விட்டுக்கொடுக்கவில்லை. 1859இன் விலக்கை எழுதிய கையும் இதே கைதான் என்று நினைக்கும்போது ஆறுதலாகவும் இருக்கிறது, வருத்தமாகவும் இருக்கிறது.

1868 தேர்தலில் தோற்றார். நாத்திகரான பிராட்லாவின் தேர்தல் நிதிக்குப் பத்துப் பவுன் அனுப்பியதும் தோல்விக்கு ஒரு காரணம். அவரைத் தோற்கடித்தவர் ரயில் நிலையப் புத்தகக் கடைகளால் பணக்காரரான டபிள்யூ.எச். ஸ்மித். அதே 1868இல் சென்னையில் லட்சுமிநரசு செட்டி இறந்தார், பத்திரிகைக்கும் சங்கத்துக்கும் செலவழித்துச் செல்வம் கரைந்த நிலையில்.

மறு வருடம் பெண்களின் அடிமைத்தனம் பற்றிய நூலை மில் வெளியிட்டார். பிறகு பெரும்பாலும் அவின்யோனில், ஹாரியட்டின் மகள் ஹெலனோடு, செடிகொடிகள் சேகரித்துக்கொண்டு இருந்தார். 1873 மே மாதம் அங்கேயே இறந்து மனைவியின் கல்லறையில் அடக்கமானார். அவர் உயிரோடு இருந்தபோதே நாகமுரா மாசநாவோ சுதந்திர நூலை ஜப்பானிய மொழியில் கொண்டுவந்துவிட்டார். 1903இல் யான் ஃபூ சீனத்தில். பக்குவம் வராதவர்கள் என்று விலக்கி வைக்கப்பட்டவர்கள் அந்த விலக்கைத் தாண்டிப் படித்துக்கொண்டார்கள்.

இறப்பதற்கு முந்தைய வருடம், நண்பர் ஆம்பர்லி பிரபுவின் குழந்தைக்கு, மதச் சடங்கு எதுவும் இல்லாமல், ஞானத் தந்தையாக இருக்கச் சம்மதித்தார். குழந்தையின் பெயர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். 1930களில் லண்டனில், சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்துவிட்டு வந்த வி.கே. கிருஷ்ண மேனன் செயலாளராக இருந்து நடத்திய இந்தியா லீக், இந்தியாவுக்கு விடுதலை கேட்டுக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அதன் தலைவராக இருந்தவர் இந்த ரஸ்ஸல்.